சண்டை போட்ட இரண்டு முயல்களை ஒன்று சேர்க்க முடியுமா?

கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வீட்டில் 8 மாதப் பெண் முயல் ஒன்று இருக்கிறது. தனியாகக் கிடக்கிறதே என்று காரைக்குடியில் ஓர் ஆண் முயல் வாங்கி வந்து அதே கூண்டில் விட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் துரத்தல், கடி, கூண்டெல்லாம் முடி. பிரித்து வைத்துவிட்டார்கள். "இரண்டு நாளில் தானாகப் பழகிவிடும்" என்கிறார் விற்றவர். மறுபடி ஒன்றாக விடலாமா, ஆணைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பது கேள்வி.

இரண்டு நாளில் பழகாது தம்பி. திருப்பிக் கொடுக்கவும் அவசியமில்லை. முதல் நாள் சண்டையை வைத்து இந்த இரண்டும் சேராது என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் அந்தச் சண்டை எந்த முயலாக இருந்தாலும் நடந்திருக்கும். பெண் முயலுக்குத் தன் கூண்டு தன் இடம். அதற்குள் புதிதாக ஒன்றை, அதுவும் ஆணை, திடீரென்று இறக்கினால் விரட்டத்தான் செய்யும். முயல் பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: சினைக்கு விடும்போது பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள், ஒருபோதும் மாற்றிச் செய்ய மாட்டார்கள். வேலை முடிந்ததும் பெண் அதன் கூண்டுக்குத் திரும்பிவிடும். நம் பக்கம் முயலைப் பற்றிக் கிடைக்கும் அறிவு பெரும்பாலும் இந்தப் பண்ணை அறிவுதான். கறிக்கும் குட்டிக்கும் அது சரி. இரண்டு முயல் காலம் முழுக்க ஒன்றாக வாழ்வதற்கு அது வழி சொல்லாது. விற்றவரோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார், அவரோடு வாதாட வேண்டாம்.

ஜோடி சேர்க்கும் முறைக்குப் போகுமுன் இன்று செய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது.

ஒன்று, காயம். முயலின் அடர்ந்த முடிக்கடியில் பல் பட்ட இடம் வெளியே தெரியாது. முடியை ஊதி ஊதிப் பிரித்து, கழுத்து, முதுகு, தொடை, அடிவயிறு, ஆணின் விதைப்பை எல்லாவற்றையும் பாருங்கள். இன்று ஒன்றுமில்லாதது போல இருந்து, ஒரு வாரம் கழித்துக் கடலை அளவு கட்டி தட்டுப்படலாம். முயலின் சீழ் தண்ணீராக ஓடாது, தயிர்க்கட்டி போலக் கெட்டியாக உள்ளேயே நிற்கும். வீட்டில் பிதுக்கி எடுக்க முடியாது, மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் திறந்த காயத்தில் ஈ உட்கார்ந்து ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால் காலை மாலை இரண்டு வேளையும் பாருங்கள்.

இரண்டாவது, நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். துரத்தலுக்கு நடுவே சேர்க்கை நடந்திருக்கலாம், சில நொடியில் முடிகிற வேலை அது. பெண் முயலுக்குச் சேர்க்கையே கருமுட்டையை வெளியே கொண்டுவரும் என்பதால் "பருவத்தில் இருந்ததா" என்று யோசிப்பதில் பயனில்லை. சினைக்காலம் 30 முதல் 32 நாள். 12, 14 நாளில் அனுபவமுள்ள மருத்துவர் வயிற்றைத் தடவிச் சொல்லிவிடுவார். 27, 28ஆம் நாளில் உள்ளே திரும்பிப் படுக்கும் அளவுக்கு ஒரு பெட்டியும் காய்ந்த புல்லும் வையுங்கள். தன் மார்பு முடியைப் பிடுங்கிப் பரப்பினால் குட்டி போடப் போகிறது. 16, 18 நாளிலேயே முடியைப் பிடுங்கி, குட்டியும் இல்லையென்றால் அது பொய்ச்சினை.

குட்டி பிறந்துவிட்டால் ஒரு விஷயம். தாய் நாளுக்கு ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் சில நிமிடமே பால் கொடுக்கும். மற்ற நேரம் பெட்டிப் பக்கமே போகாது. "தாய் ஒதுக்கிவிட்டது" என்று பசும்பாலைப் புகட்டிக் குட்டிகளைச் சாகடித்தவர்கள் நிறைய. குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் பால் கிடைக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். ஆண் மட்டும் அந்தப் பக்கம் வரக்கூடாது, குட்டி போட்ட அன்றே பெண் மறுபடி சினையாகிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கருத்தடை ஆபரேஷன் இல்லாமல் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்க முடியாது. இதில் சமரசமே கிடையாது என்பது என் கருத்து. குட்டி பெருகும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, சண்டை. வளர்ந்த இரண்டு ஆண்கள் ஒன்றின் விதையை ஒன்று கடித்துக் கிழிக்கும். இரண்டு பெண்கள் மாதக்கணக்கில் கொஞ்சிக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் இடத்துக்காக அடித்துக்கொள்ளும். ஒரே ஈற்றில் பிறந்தவை என்றாலும் 4, 5 மாதம் ஆனதும் அந்தப் பாசமெல்லாம் போய்விடும். ஆபரேஷன் ஆன ஓர் ஆண், ஆபரேஷன் ஆன ஒரு பெண் என்பதுதான் முயலில் எளிதாகச் சேரும் ஜோடி. உங்களிடம் இருப்பதும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான், ஆபரேஷன்தான் பாக்கி. அதனால்தான் ஆணைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றேன்.

(அது ஆண்தானா என்று ஒருமுறை பாருங்கள். சின்னதில் ஆண் பெண் மாற்றிச் சொல்லி விற்பது சர்வசாதாரணம். ஆணுக்கு 10, 12 வார வயதில் விதை இறங்கிவிடும். அதற்கு முந்தி, உறுப்பை மெல்ல அழுத்திப் பார்த்தால் ஆணுக்குக் குழாய் போல உருண்டு எழும், பெண்ணுக்குக் கீறல் போலத் தெரியும். "குள்ள ஜாதி" என்று கொடுத்ததும் ஓர் ஆண்டில் 3, 4 கிலோ ஆகலாம். கடைகளுக்கு வருபவற்றில் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற கறி இனங்களின் கலப்பு நிறைய.)

ஆணுக்குக் காயடிப்பது சிறிய ஆபரேஷன், விதை இறங்கியிருந்தால் 4 மாதத்திலேயே செய்யலாம். ஆனால் செய்த மறுநாளே கவலை விட்டது என்று நினைக்காதீர்கள். உடம்பில் தங்கிய விந்து 4 முதல் 6 வாரம்வரை சினைப்படுத்தும். முரட்டுத்தனம் அடங்கவும் அவ்வளவு நாள் ஆகும். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும், 5, 6 மாதத்துக்குமேல் செய்யலாம். ஆபத்து ஆணைவிட அதிகம், ஆனால் செய்யாமல் விட்டால் வயது ஏற ஏறக் கர்ப்பப்பையில் புற்று வருவது பெண் முயல்களில் மிக அதிகம். கைதேர்ந்த மருத்துவர் கிடைத்தால் செய்துவிடுங்கள். கிடைக்கும்வரை ஆணுக்கு மட்டும் செய்து பழக்கிப் பார்க்கலாம், பெண்ணுக்கு அவ்வப்போது எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

மருத்துவர் பிரச்சினைதான் நம் பக்கம் பெரியது. ஆடு மாட்டில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர் குறைவு. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து தலைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். போகுமுன் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும்?" ராத்திரி முழுக்கப் பட்டினி போடுங்கள் என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, எனவே நாய் பூனை போலப் பட்டினி போடுவதில் பயனில்லை. மாறாக, வயிறு காலியானால் குடல் இயக்கமே நின்றுபோகும். கூடவே, வாய்வழி அமாக்சிசிலின், லிங்கோமைசின் போன்ற மாத்திரைகள் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். நாய்க்கு உண்ணிக்காக முதுகில் விடுகிற பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். ஆட்டுக்குக் கொடுத்தது, நாய்க்குக் கொடுத்தது என்று மிச்ச மருந்தைப் போட வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து காத்திருக்கும் வாரங்கள் வீண் போவதில்லை, பழக்கம் அப்போதே தொடங்கிவிடும். வளவு வீட்டில், அதாவது நடுவே முற்றம் வைத்த செட்டிநாட்டு வீட்டில், பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவோம் அல்லவா? ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) தனி அறை, தனி அடுப்பு, ஆனால் முற்றம் எல்லோருக்கும் பொது. முயலுக்கும் அதே ஏற்பாடுதான். இரண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஆனால் ஒட்டி வைக்காதீர்கள். நடுவே 2, 3 அங்குல இடைவெளி வேண்டும், இல்லையென்றால் கம்பி வழியாக மூக்கையும் விரலையும் கடித்துவிடும். ஒருவர் கண்ணில் ஒருவர் பட வேண்டும், வாசம் போக வேண்டும், பல் மட்டும் எட்டக் கூடாது. கீரையை இரண்டுக்கும் ஒரே நேரத்தில், கம்பிக்குப் பக்கத்தில் வையுங்கள். சில நாள் கழித்து விரிப்பை மாற்றிப் போடுங்கள், பிறகு முயல்களையே கூண்டு மாற்றி விடுங்கள். முதலில் காலால் தரையைத் தட்டிக் கோபித்துக்கொள்ளும், புழுக்கையைச் சிதறிப் போட்டு எல்லை குறிக்கும். ஒரு கட்டத்தில் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதுகைச் சாய்த்துப் படுக்கும். அதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

அடுத்தது நேருக்கு நேர் சந்திப்பு. இரண்டு முயலும் இதுவரை கால் வைக்காத இடமாக இருக்க வேண்டும். இரண்டாங்கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) காலி அறை ஒன்று இருந்தால் அது போதும், 6 அடிக்கு 6 அடி இடத்தை மறித்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் அப்படியே விடாதீர்கள். முயலுக்கு நாய் பூனை போல உள்ளங்கால் மெத்தை கிடையாது, முடிதான். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிற கல்லில் அது நிற்கவே தடுமாறும், பயந்துபோய்க் கடிக்கும். பழைய கோரைப்பாயோ சாக்கோ விரியுங்கள். பிளாஸ்டிக் பாய் வேண்டாம், கடித்துத் தின்னும். இரண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டி ஒன்றிரண்டு, நடுவே பரவலாகத் தூவிய கொத்தமல்லித் தழை, கையில் ஒரு தடித்த துண்டு. இவ்வளவுதான் சாமான்.

முதல் நாள் 10 நிமிடம் போதும். என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தேவையில்லாத இடத்தில் பயந்து தேவையான இடத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது சண்டை இல்லை. ஆபரேஷன் ஆன பிறகும் ஏறும், பெண்ணும் ஏறும், யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்வது அது. சில நொடி விடுங்கள். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்குங்கள், கீழே இருப்பது கடித்தால் பிறப்புறுப்பில் பாயும். கொஞ்சம் துரத்தல், வாயில் ஒரு கொத்து முடி, இதெல்லாம் சகஜம். ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் ஆளுக்கொரு மூலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தால் அதுவே நல்ல சேதி. தலையைத் தாழ்த்தி மற்றதன் மூக்குக்கடியில் நீட்டினால், "என் தலையை நக்கு" என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நீட்டிக்கொண்டு, யார் முதலில் நக்குவது என்று அசையாமல் கிடப்பதைப் பார்க்கச் சிரிப்பாக வரும்.

காதைப் பின்னால் படிய வைத்து, வாலை விறைத்துத் தூக்கி, உறுமிக்கொண்டு பாய்ந்தால் அது வேறு. அந்த முறைப்பு நிலையிலேயே நடுவில் துண்டைப் போட்டு மறைத்துவிடுங்கள். இரண்டும் கவ்விக்கொண்டு உருள ஆரம்பித்தபின் வெறுங்கையை விட்டால் உங்கள் கைதான் கிழியும், முறத்தையோ துடைப்பத்தையோ நுழைத்துப் பிரியுங்கள். அன்றைக்கு அத்தோடு சரி. சில நாள் கம்பிக்கு இரு பக்கமுமாக இருக்கட்டும், பிறகு மீண்டும் 5 நிமிடத்தில் தொடங்குங்கள். காரில் வைத்துச் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். பயத்தில் ஒட்டுவது நட்பாகாது, பயத்தினாலேயே முயலுக்கு வயிறு நின்றுபோகும். எனக்கு அந்த வழியில் உடன்பாடில்லை.

தினமும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். சேர்ந்து தின்று, ஒன்றை ஒன்று நக்கி, பக்கத்தில் காலை நீட்டிச் சாய்ந்து படுக்கும் நிலை வந்து, அதே இடத்தில் நீங்கள் கண்காணிக்க ஒரு முழுப் பகலும் இரவும் சச்சரவு இல்லாமல் கழிந்தால் ஒரே வீட்டுக்கு மாற்றலாம். அந்தப் பழைய கூண்டை அப்படியே கொடுக்காதீர்கள், அது இன்னும் பெண்ணின் கூண்டுதான். நன்றாகக் கழுவி, இடம் மாற்றி, உள்ளே இருப்பவற்றையும் மாற்றி வையுங்கள். எத்தனை நாளாகும் என்று கேட்டால், சில ஜோடி ஒரு வாரம், சில ஜோடி மூன்று மாதம். சேர்ந்தபின் ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தனியே போய் வேறு வாசத்தோடு திரும்பினால் வீட்டில் இருந்தது அதை அந்நியன் என்று அடிக்கும்.

எப்போது தொடங்கலாம்? மார்கழி, தை, மாசி. பங்குனியில் பாதி வேலை நடக்கும்போது வெயில் வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். 20 டிகிரியில் சுகமாக இருக்கிற பிராணி, 30ஐத் தாண்டினாலே திணறும். நம் அக்னி நட்சத்திரம் 40ஐத் தொடுகிறது. அந்த நாளில் ஆபரேஷனும் வேண்டாம், அறிமுகமும் வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, எச்சில் வடிந்து, காது சிவந்து கிடந்தால் காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று வீடு நிறைய ஆள் இருக்கும் வாரத்தையும், தீபாவளி வெடியையும் விட்டுவிட்டுத் தேதி பாருங்கள்.

வெயிலுக்கு நம் பழைய வீடுகள் முயலுக்கென்றே கட்டியது போல இருக்கின்றன. உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், நேருக்கு நேர் வாசல். வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் மதியம் வெயில் எட்டாத பக்கமாக வையுங்கள். மாடி வேண்டாம், தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம். பெரிய மண்பானையைப் படுக்க வைத்து வெளியே ஈரச்சாக்கைச் சுற்றினால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். முற்றத்துக்கு மேலே கம்பிவலை இல்லையென்றால் ஓட்டின் வழியே பூனை இறங்கும், கொல்லைப் பக்கம் கீரியும் பாம்பும் உண்டு. இரவில் பூட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு 10 அடிக்கு 6 அடி இடம் மறித்துக் கொடுத்தால் நல்லது. கம்பித்தரை வேண்டாம், குதிகால் புண்ணாகும்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி இன்னொன்று, வீட்டில் பெரியவர்களிடம் திட்டு வாங்காமல் இருக்க. முயலின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், காய்ந்தால் வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு வினிகர் ஊற்றித் துடைக்கச் சொல்லி எங்கும் எழுதியிருப்பார்கள். சிமெண்டுக் கல்லிலும், பட்டாலையில் (முன்கூடத்தில்) போட்டிருக்கிற பளிங்கிலும் வினிகர் பட்டால் மினுமினுப்பு அரித்துப் போய்விடும். காயுமுன் தண்ணீரால் துடைப்பதே வழி. மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் செய்தித்தாளும் மேலே காய்ந்த புல்லும் வைத்தால், ஆபரேஷன் ஆன முயல் பெரும்பாலும் அங்கேயே போகும்.

தீனி பற்றிச் சுருக்கமாக. முக்கால் வயிற்றுக்குமேல் புல்தான். வெளிநாட்டுத் திமோத்திப் புல்லை விலை கொடுத்து வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் அருகு, கினியாப் புல், கோ-4 தீவனப் புல் ஆகியவற்றை நிழலில் உலர்த்தி வையுங்கள், ஐப்பசி மழையில் பூசணம் பிடித்ததை மட்டும் போடாதீர்கள். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, புல்லை அரைத்துத்தான் அது தேயும். கொத்தமல்லி, புதினா, கல்யாண முருங்கை இலை தரலாம். அகத்தியும் முருங்கையும் சுண்ணாம்புச் சத்துக்காகக் குறைவாக. கேரட் ஒரு துண்டு, அது மிட்டாய் மாதிரி. லீவுக்கு வருகிற பேரப்பிள்ளைகள் சீடை, மாவுருண்டை, தேன்குழல் என்று ஆசையாக நீட்டுவார்கள், சோறு உட்பட எதுவும் கூடாது. ஜோடியாக இருக்கும்போது கிண்ணம் இரண்டு, தண்ணீர்ச் சட்டி இரண்டு, ஒளியும் பெட்டி இரண்டு வையுங்கள். 12 மணி நேரம் ஒன்று தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு முயலின் புழுக்கையும் ஒரே தட்டில் விழும்போது எது போடவில்லை என்று தெரியாது, அதனால் காலையில் கீரை வைக்கும்போது இரண்டும் வந்து தின்கிறதா என்று நின்று பாருங்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனாலும் யாராவது கேட்பார்கள்: காட்டில் பிடித்த முயல்குட்டியை இதற்கு ஜோடியாக விடலாமா? கூடாது. அது வேறு இனம், இதோடு சேராது. பிடித்து வைப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எல்லாம் செய்தும் ஒத்துப்போகாத ஜோடி உண்டு. ஒவ்வொரு சந்திப்பிலும் ரத்தம் வருகிறது, மாதங்கள் போயும் மாற்றமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்த இரண்டு கூண்டும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும், நடுவே அந்த 2, 3 அங்குலத்தோடு. ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி முற்றத்தில் ஓட விடுங்கள். முயல் 8 முதல் 12 வருஷம் இருக்கிற பிராணி. பக்கத்துக் கூண்டில் ஆள் இருக்கிறது என்பதே அதற்குத் துணைதான், ஆணைக் கடையில் திருப்பிக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.